மருந்து இருந்தும் தர மறுத்த தங்கள் அம்பாசமுத்திரக் கிளை மீது புகார்

அனுப்புநர்:
தங்கள் அம்பாசமுத்திரக் கிளையின் வாடிக்கையாளர்,
கல்லிடைக்குறிச்சி, திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: மருத்துவர் எழுதிய மாத்திரையைத் தங்கள் கிளையின் மருந்தாளுநர் தமது மத நம்பிக்கையைக் காரணம் காட்டித் தர மறுத்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தங்கள் அம்பாசமுத்திரக் கிளை திறந்த நாளிலிருந்து நான்கு ஆண்டுகளாக என் மாமனாரின் சர்க்கரை நோய், இரத்த அழுத்த மாத்திரைகளை மாதந்தோறும் அங்கேதான் வாங்கி வருகிறோம். இதுவரை ஒரு முறைகூடக் குறை சொல்லி எழுதியதில்லை. இந்தக் கடிதத்தை எழுத எனக்குப் பத்து நாட்கள் ஆயின. எழுத வேண்டியவை, பெரும்பாலும் ஒரு பெண் கடிதத்தில் எழுதத் தயங்கும் செய்திகள் என்பதே அதற்குக் காரணம்.

ஏழு மாதங்களுக்கு முன்பு எனக்கு இரண்டாவது குழந்தை அறுவைச் சிகிச்சையில் பிறந்தது. பேறுகாலத்தின் கடைசி வாரங்களில் இரத்த அழுத்தம் ஏறி, இரு உயிருக்கும் ஆபத்து என்ற நிலைவரை சென்று மீண்டேன். அடுத்த கருவுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் இடைவெளி வேண்டும் என்று என் மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நாங்களும் கவனமாகத்தான் இருந்தோம். ஆனால் ஒரு சனிக்கிழமை இரவு ஆணுறை கிழிந்துவிட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்பதால் மாலையில்தான் மருத்துவரைப் பார்க்க முடிந்தது. அவர் என் பழைய கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பாலூட்டும் தாய்க்கும் ஏற்றதென்று லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் என்ற அவசரக் கருத்தடை மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார். 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது, எனவே இன்றே வாங்கிப் போட்டுவிடுங்கள் என்றும் சொன்னார். நம் பகுதியில் பல மருந்துக் கடைகள் இந்த மாத்திரையை வாங்கி வைப்பதே இல்லை என்பது ஊரறிந்த செய்தியாதலால், தங்கள் செயலியில் முதலில் தேடினேன். அம்பாசமுத்திரக் கிளையில் நான்கு இருப்பதாகக் காட்டியது.

இரவு எட்டு மணியளவில் கடையில் சீட்டைக் கொடுத்தபோது, மருந்தாளுநர் அதைப் பார்த்த மாத்திரத்தில் "ஸ்டாக் இல்லை" என்றார். செயலியை எடுத்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் நின்றவர், பிறகு பின்வருமாறு சொன்னார்: "இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா நான் கொடுக்க மாட்டேங்க்கா. கருவக் கலைக்கிற பாவத்துக்கு என் கை உடந்தையா இருக்காது. நாளைக்குக் கடவுள் முன்னால நாந்தாம்லா பதில் சொல்லணும்." தாழ்ந்த குரலில் சொல்லியிருந்தால்கூட ஓரளவு பொறுத்திருப்பேன். எனக்குப் பின்னால் நான்கு பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர் என் வகுப்பில் படிக்கும் மாணவனின் தந்தை. வேறு எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டதற்கு, அதைச் சொன்னாலும் பாவத்தில் பங்குதான் என்று பதில் வந்தது. அருகில் நின்ற உதவியாளத் தம்பி பெட்டியை எடுக்கக் கை நீட்டியபோது அவரையும் தடுத்துவிட்டார்.

அன்றிரவு வேறு இரு கடைகளில் கேட்டோம், இரண்டிலும் இல்லை. திங்கட்கிழமை காலை பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டு, சேரன்மகாதேவி, பத்தமடை வழியாக முப்பது கிலோமீட்டருக்கும் மேல் பேருந்தில் சென்று, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அருகே ஒரு கடையில் அந்த மாத்திரையை வாங்கிப் போட்டபோது மணி பதினொன்று. தங்கள் கடையில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஒரு மாத்திரைக்காகப் பதினைந்து மணி நேரம் வீணாயிற்று. இது தலைவலி மாத்திரை அன்று, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட. நேரம் கடக்கக் கடக்கப் பலன் குறையும் மருந்து.

அந்த மருந்தாளுநர் எந்த மதத்தைச் சேர்ந்தவர் என்பதை நான் எழுதப்போவதில்லை. எழுதிவிட்டால் இந்தக் கடிதம் அதைப் பற்றியதாக மட்டுமே ஆகிவிடும். ஆண்டுதோறும் கந்த சஷ்டிக்கு விரதம் இருப்பவள் நான். நம்பிக்கை என்றால் என்ன என்று எனக்கும் தெரியும். உவரி அந்தோணியார் கோவிலுக்கும் ஆத்தங்கரைப் பள்ளிவாசலுக்கும் எல்லா மதத்தாரும் நேர்ந்துகொண்டு போகும் சீமை இது. என் தாயார் பிரசவத்துக்குப் படுத்திருந்த மிஷன் ஆஸ்பத்திரியில், செவிலியர்கள் ஜெபம் செய்துவிட்டுத்தான் மாத்திரையைக் கையில் கொடுப்பார்களாம். ஜெபத்துக்குப் பிறகு மாத்திரை வராமல் போனதாக அம்மா ஒருநாளும் சொன்னதில்லை.

மேலும், அவர் சொன்ன காரணமே மருத்துவப்படி தவறானது. லெவோநார்ஜெஸ்ட்ரல் முக்கியமாகக் கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. ஏற்கெனவே கரு தங்கியிருந்தால் அதை இம்மாத்திரை கலைப்பதில்லை. கருவைக் கலைக்கும் மருந்துகள் வேறு; அவற்றுக்கு 1971-ஆம் ஆண்டின் சட்டம் தனியே உள்ளது. நான் கேட்டதோ நடுவண் அரசின் குடும்ப நலத் திட்டத்திலேயே இடம்பெற்ற மாத்திரை. மருந்தியல் படித்த ஒருவர் இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, அந்தக் குழப்பத்தை நான்கு பேர் முன்னிலையில் என் தலையில் பாவமாக ஏற்றியது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் பத்தாம் வகுப்புக்குக் குடிமையியல் கற்பிப்பவள். அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவை ஆண்டுதோறும் நடத்துகிறேன். மனச்சாட்சிச் சுதந்திரத்தை வழங்கும் அந்தப் பிரிவு, தொடக்கத்திலேயே அதைப் பொது ஒழுங்குக்கும் ஒழுக்கநெறிக்கும் பொதுச் சுகாதாரத்துக்கும் உட்பட்டதாக்கியிருக்கிறது. இன்னொன்றையும் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். 1948-ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம், 42-ஆவது பிரிவின்படி, மருத்துவர் சீட்டுக்கு மருந்து வழங்கும் உரிமையைப் பதிவுபெற்ற மருந்தாளுநருக்கு மட்டுமே ஒதுக்கியிருக்கிறது. அந்த உதவியாளத் தம்பி இரக்கப்பட்டு எடுத்துக் கொடுத்திருந்தால் அவர்தான் சட்டத்தை மீறியவர் ஆகியிருப்பார். நான் காசு வைத்துவிட்டு நானே எடுத்துக்கொள்ளவும் முடியாது. மருந்துக்கு ஒரே வாசல் என்று சட்டம் ஒருவரை நிறுத்தியிருக்கும்போது, அவர் மறுப்பது அவருடைய தனிப்பட்ட ஒதுங்கல் ஆகாது. அந்தக் கிளையே மறுத்ததாகத்தான் பொருள். ஓர் இரவு முழுவதும் அந்த ஒருவரை மட்டும் பணியில் வைத்திருந்தது தங்கள் நிறுவனம்.

இதை இன்று அனுமதித்தால் எங்கே போய் நிற்கும் என்றும் யோசிக்கிறேன். நெஞ்சுவலியோடு வருபவருக்கு எழுதும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது. பல மருந்துகளின் கூடுகள் மாட்டு எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் செய்த ஜெலட்டின். இவற்றைத் தொட மாட்டேன் என்று சொல்லவும் நம்மிடையே ஆட்கள் உண்டு, அவர்களிடமும் நியாயமான நம்பிக்கை உண்டு. மிசோப்ரோஸ்டால் என்று ஒரு சீட்டு வந்தால், அது பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கை நிறுத்துவதற்கா, தானாகவே கலைந்துவிட்ட கருவின் மீதத்தை வெளியேற்றுவதற்கா, வேறெதற்கா என்று சீட்டைப் பார்த்து மட்டும் யாரால் சொல்ல முடியும்? மாதவிடாயில் மிகுதியாக இரத்தம் போகும் பெண்ணுக்கும் கருத்தடை மாத்திரைதான் எழுதுகிறார்கள். கல்லாவில் நிற்பவர் ஒவ்வொருவரின் வாழ்க்கையையும் ஊகித்துத் தீர்ப்புச் சொல்லத் தொடங்கினால், நோயாளி மருத்துவரிடம் ஒரு முறையும் மருந்துக் கடையில் ஒரு முறையும் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும்.

பிற நாடுகளும் இந்தச் சிக்கலைச் சந்தித்திருக்கின்றன. பிரான்சில் 1995-இல், மருத்துவர் சீட்டோடு வந்த பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை தர மறுத்த மருந்துக் கடை உரிமையாளர்கள் இருவருக்கு அங்குள்ள நீதிமன்றங்கள் அபராதம் விதித்தன. அவர்கள் தங்கள் மதச் சுதந்திரம் பறிபோனதாக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குச் சென்றார்கள். விற்பனை சட்டபூர்வமானதாகவும், சீட்டின் பேரில் மருந்துக் கடையில் மட்டுமே நடக்கக் கூடியதாகவும் இருக்கும்போது, தம் நம்பிக்கையைப் பிறர்மேல் சுமத்த முடியாது என்று 2001-இல் அந்த மனு தள்ளுபடியானது. அமெரிக்க மருந்தாளுநர் சங்கமோ 1998-இல் வேறொரு வழியைச் சொன்னது. விருப்பமில்லாத மருந்தாளுநர் ஒதுங்கிக்கொள்ளலாம்; ஆனால் நோயாளிக்கு மருந்து தடையின்றிக் கிடைக்க முன்கூட்டியே ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. தங்கள் கிளை மருந்தாளுநரை வேலையிலிருந்து நீக்குங்கள் என்று நான் கேட்காததற்கு இந்த இரண்டாவது வழி சாத்தியம் என்று நம்புவதே காரணம். அவருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள்.

நடந்ததைத் தங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணில் அன்றே தெரிவித்தேன். மூன்று நாள் கழித்து, "ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்ற ஒரு வரியும், அடுத்த முறை வாங்கும்போது 100 ரூபாய் தள்ளுபடி பெறுவதற்கான கூப்பனும் கைப்பேசிக்கு வந்தன. நான் என்ன சொன்னேன் என்பதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

எனவே எனக்கு வேண்டியவற்றைத் தெளிவாகவே எழுதிவிடுகிறேன். சட்டப்படி விற்கக்கூடிய எந்த மருந்தையேனும் தர விருப்பமில்லாத மருந்தாளுநர்கள் அதைப் பணியில் அமரும்போதே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அப்படிப்பட்டவர் பணியில் இருக்கும் நேரம் முழுவதும், அந்த மருந்தைத் தரக்கூடிய இன்னொரு பதிவுபெற்ற மருந்தாளுநரும் அதே கிளையில் இருக்க வேண்டும். ஆளில்லை என்றால் அவரைத் தனியாக நிறுத்தக் கூடாது. இருக்கும் மருந்தை இல்லை என்று சொல்வது எந்த மனச்சாட்சியின் பெயராலும் அனுமதிக்கப்படக் கூடாது. வாடிக்கையாளரின் சீட்டில் உள்ளதைப் பிறர் காதில் விழும்படி பேசியதற்கு எனக்கு எழுத்து வடிவில் மன்னிப்பு வேண்டும். பேருந்துக் கட்டணத்தையோ ஒரு நாள் சம்பளத்தையோ நான் கேட்கவில்லை.

இக்கடிதம் கிடைத்த முப்பது நாட்களுக்குள் பொறுப்பான அலுவலர் ஒருவரின் கையொப்பத்துடன் பதில் வராவிட்டால், தமிழ்நாடு மருந்தாளுநர் கவுன்சிலுக்கும் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் இதே கடிதத்தை அனுப்ப எண்ணியுள்ளேன். மாமனாரின் அடுத்த மாத மாத்திரைகளை எங்கே வாங்குவது என்பதையும் அந்தப் பதிலைப் பார்த்த பிறகே முடிவு செய்வோம்.

மருந்துச் சீட்டின் நகல், கையிருப்பு நான்கு எனக் காட்டிய செயலிப் பக்கத்தின் படம், ஹைகிரவுண்டில் மறுநாள் வாங்கியதற்கான ரசீது ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். பயன்படுத்தாத 100 ரூபாய்க் கூப்பனையும் அச்செடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடிக்கையாளர், கல்லிடைக்குறிச்சி.