நடுங்கும் ரடர், திறக்காத பெட்டி: ஜாய்ஸ்டிக் பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஹட்டனில் இருந்து எழுதுகிறேன். உங்களிடம் வாங்கிய ஃப்ளைட் சிமுலேட்டர் ஜாய்ஸ்டிக் (கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகும் குச்சி) பற்றி போனில் கதைத்துக் கதைத்து அலுத்துவிட்டது, இனி எழுத்தில்தான்.

குச்சியை முன்பின்னாகவும் இடம்வலமாகவும் சாய்த்தால் ஒரு குறையும் இல்லை. அதை முறுக்கி இயக்கும் ரடரில்தான், அதாவது விமானத்தின் மூக்கை இடம்வலமாகத் திருப்பும் வால் பலகையில்தான், பிரச்சினை. கையை எடுத்த பிறகும் கம்ப்யூட்டர் திரையில் அந்த அச்சின் கோடு நடுவில் நிற்காமல் துடிக்கிறது. விளையாட்டில் ரத்மலானை விமான நிலையத்தில் இறங்கப் போகிற நேரம் பார்த்து விமானத்தின் மூக்கு தானாக இடப்பக்கம் இழுக்கும். காலிபிரேட் பண்ணச் சொன்னீர்கள், பண்ணினேன். அது நடுவையும் இரண்டு எல்லைகளையும் பதிந்துகொள்ளும், சென்சார் துடித்தால் அது என்ன செய்யும்? டெட் ஸோனை, அதாவது நடுவில் சின்ன அசைவைக் கணக்கில் எடுக்காத இடத்தை, கூட்டுங்கள் என்றார் உங்கள் ஆட்களில் இன்னொருவர். கூட்டினால் துடிப்பு மறையும், கூடவே பக்கக் காற்றுக்குக் கொடுக்கவேண்டிய சின்னச் சின்ன ரடர் அசைவும் மறையும். அப்புறம் எதற்கு இந்த விலை?

பெட்டியில் ஹால் சென்சார் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். காந்தத்தை வைத்து அளப்பது, உரசாது, தேயாது என்றுதான் மலிவானதை விட்டு இதை எடுத்தேன். முறுக்குக்கு மட்டும் கரித் தடத்தில் உரசி ஓடும் பொட்டென்ஷியோமீட்டரா? துடிக்கிற விதத்தைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. உங்கள் சாமான், உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

கொழும்பு சர்வீஸ் சென்டர் கதையைச் சொல்லியே ஆகவேண்டும். இருட்டோடு பஸ் ஏறி வந்தேன். கவுண்டரில் இருந்தவர் பெட்டியைத் திறக்கவே இல்லை, பில்லில் முகவரியைப் பார்த்துவிட்டு, "உங்கட பக்கம் பனிதானே, உள்ளுக்கு ஈரம் போயிருக்கும், வாரண்டி இல்ல" என்றார். ஈரம் மற்ற இரண்டு அச்சையும் விட்டுவிட்டு முறுக்கை மட்டும் தேடிப் போனதா என்று கேட்டேன். "விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு கதையா" என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார்! விற்கும்போது மலைநாட்டில் பனி இருப்பது தெரியவில்லையா? அவர் பெயரைக் கேட்டதற்கும் பதில் இல்லை.

அதற்கு முன்னால் கூரியரில் அனுப்பியதைச் சொல்ல மறந்துவிட்டேன். "பரிசோதித்தோம், சரி" என்று சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பினீர்கள். முறுக்கிப் பார்த்தீர்களா?

இதற்காக அழித்த காசுக்கும் நிம்மதிக்கும் நான் உண்மையான விமானமே ஓட்டப் பழகியிருக்கலாம்.

தயவுசெய்து வேறொன்று மாற்றித் தாருங்கள், முடியாவிட்டால் பணத்தைத் தாருங்கள். சண்டை பிடிக்க எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் இந்த மாத முடிவுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடுவேன், அந்தச் சபைக்கான 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் உங்களுக்கும் தெரிந்ததுதான். பில், வாரண்டி அட்டை, கோடு துடிக்கிற வீடியோ எல்லாம் இணைத்திருக்கிறேன். மறுபடி அந்தக் கவுண்டருக்கு வரச் சொல்லாதீர்கள், கூரியர் செலவும் உங்களுடையது.

இப்படிக்கு,
ஹட்டன் வாடிக்கையாளர்