இரவு பத்துக்கு மேல் அதிரும் ஜன்னல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவள் நான். என் சிறுவயதில் மாலை என்றால் கடற்கரைச் சாலையில், காந்தி சிலையடியில் காற்று வாங்குவதுதான். சுண்டல் பொட்டலம் தீர்ந்ததும் வீடு திரும்புவோம். மலிவான மதுவுக்காக வெளியூர்க்காரர்கள் அப்போதும் வந்தார்கள். ஆனால் பத்து மணிக்கெல்லாம் ஊர் அடங்கிவிடும்.

இன்று சனிக்கிழமை வந்தால் சென்னை, பெங்களூரு கார்கள் தெருவை அடைத்து நிற்கின்றன. மொட்டைமாடி பப்பில் டிஜே தொடங்கியதும் எங்கள் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. சொம்புத் தண்ணீரில் வட்டம் வட்டமாய் அலை எழும்புகிறது. பக்கத்துக் குப்பத்தில் விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள் எப்போது தூங்குவார்கள்?

குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு என்கின்றன 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள். சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். என் தம்பி மகனுக்கும் ஓட்டலில்தான் வேலை. ஆட்டமே கூடாது என்று நான் சொல்லவில்லை. சத்தம் வெளியே வராத மூடிய அரங்கில் ஆடட்டும். புகார் தந்த அன்றிரவே அதிகாரிகள் கருவியோடு வந்து ஒலியை அளக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி, புதுச்சேரி