ரத்தச் சீட்டு மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

கல்லீரல் புற்றுநோயை ரத்தப் பரிசோதனையிலேயே கணிக்கலாம் என்ற தங்கள் செய்தியைப் படித்தேன். ரத்தத்தில் அளக்கப்படும் ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் என்ற புரதம், அதாவது ஏ.எஃப்.பி., மிக உயர்ந்திருந்தால் நோய் முற்றியிருக்க வாய்ப்பு அதிகம். சிகிச்சைக்குப் பின் மறுபடி ஏறினால் கட்டி திரும்பியிருக்கலாம். இதெல்லாம் சரியே. ஆனால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்கு அது உயர்வதே இல்லை என்பதையும் எழுதியிருக்க வேண்டும்.

என் அண்ணனுக்கு ஹெப்படைட்டிஸ் பி என்ற கல்லீரல் வைரஸ் தொற்று. ஆண்டுதோறும் இங்கே பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பார்; சீட்டில் ஏ.எஃப்.பி. 6, இயல்பு என்றிருக்கும், மடித்து மஞ்சள் பையில் வைத்துவிடுவார். ஸ்கேன் எடுக்கும்படி ஒருவரும் சொல்லவில்லை. விலாவில் வலி என்று மலை தாண்டித் திருவனந்தபுரம் போனபோது கல்லீரலில் கட்டி 8 சென்டிமீட்டர். அன்றைக்கும் சீட்டில் 'இயல்பு' என்றுதான் இருந்தது! சிரோசிஸ் எனும் கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்களும், ஹெப்படைட்டிஸ் பி உள்ளவர்களில் ஆபத்து மிகுந்தவர்களும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும் என்பதே மருத்துவ வழிகாட்டுதல். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீடு தேடித் தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள், இவர்களுக்கு அடுத்த ஸ்கேன் தேதியையும் அட்டையில் குறித்துக்கொடுக்க அரசு ஏற்பாடு செய்யலாம்.

- ஒரு வாசகர், செங்கோட்டை