குதிரைக் காட்சிப் போட்டியின் உடை விதிகளைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு வரையிலான எங்கள் எல்லைப் பகுதியில் குதிரை என்றால் இதுவரை தத்தமங்கலம் அங்காடி வேலையின் குதிரையோட்டமும் அந்தியூர் ஆடித் திருவிழாவின் குதிரைச் சந்தையும்தான் நினைவுக்கு வரும். இப்போது பிள்ளைகள் முறையாகச் சவாரி கற்று, வேட்டைச் சவாரிக்கேற்ற குதிரையைத் தேர்ந்தெடுக்கும் ஹண்டர் வகுப்பு போன்ற காட்சிப் போட்டிகளிலும் இறங்கத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த வகுப்பில் குதிரையும் சவாரிக்காரரும் எந்தக் கோலத்தில் களத்துக்கு வர வேண்டும் என்பதை யாரும் முன்கூட்டியே சொல்லித்தராததால் நேரும் மனவேதனையைப் பற்றியே இக்கடிதம்.

ஊட்டிப் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற பெட்டைக் குதிரை ஒன்றை என் தங்கை மகள் மூன்று ஆண்டுகளாகப் பேணி வருகிறாள். சென்ற போட்டிக்கு முந்தைய இரவு, எங்கள் தெருவில் பூக்கட்டி விற்கும் அம்மாள் வந்து, பிடரி மயிரை நீர் தொட்டு நனைத்து, மூன்று புரியாகப் பின்னி, ஒவ்வொரு பின்னலையும் மடித்துக் கறுப்பு நூலால் தைத்துக் கொடுத்தார். மல்லிகைக்குப் பழகிய அந்த விரல்கள் போட்ட பதினொரு முடிச்சுகளில் ஒன்றுகூட மறுநாள் மாலை வரை நெகிழவில்லை. ஆனால் கடிவாளத்தின் நெற்றிப்பட்டையில், என் தந்தையார் அந்தியூரில் வாங்கிவந்த சிவப்பு மஞ்சள் குஞ்சங்களை அவள் ஆசையோடு கோத்திருந்தாள். சேணத்தின் அடியில் வெள்ளைச் சதுரத் துணியும் விரித்திருந்தாள். நடுவர் அவளைக் கடைசியில் நிறுத்தி, டர்ன்அவுட், அதாவது களத்துக்கு வந்த கோலம், சரியில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்தார். அமைப்பாளர்கள் அனுப்பிய அறிவிப்பிலும் ஹண்டர் டர்ன்அவுட் கட்டாயம் என்ற ஒற்றை வரியைத் தவிர வேறு விளக்கம் கிடையாது.

நடுவர் சொன்னது தவறு என்று நான் வாதிட வரவில்லை. அவர் சொன்னது சரி. அது ஏன் சரி என்பதை அந்தப் பெண்ணுக்கு யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்கிறேன். ஐயனார் கோயில் மண்குதிரைக்குக்கூடச் சலங்கையும் கழுத்துமணியும் வைத்துச் செய்யும் ஊர் நம்முடையது. குதிரையை அலங்கரிப்பது நமக்கு அதற்குச் செய்யும் மரியாதை. ஹண்டர் வகுப்போ இங்கிலாந்தின் நரி வேட்டையிலிருந்து வந்தது. அதே வழக்கத்தை வெள்ளைக்காரர்கள் ஊட்டிக்குக் கொண்டுவந்து, வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் குள்ளநரியைத் துரத்தினார்கள். காலை முதல் மாலை வரை சேற்றிலும் வேலியிலும் முள்ளிலும் பாய்ந்து ஓடும் குதிரைக்குத் தொங்குவதும் மின்னுவதும் இடைஞ்சல். ஆகவேதான் நெற்றிப்பட்டை வெறும் தோலாக இருக்க வேண்டும், மூக்குப்பட்டை அகலமாகவும் எளிமையாகவும் இருக்க வேண்டும், சேணம் தோள்பட்டையை மறைக்காதபடி நேராக வெட்டப்பட்டிருக்க வேண்டும், அடியில் துணி போட்டாலும் அது சேணத்தின் வடிவிலேயே அடங்கி வெளியே தெரியாதிருக்க வேண்டும் என்று விதித்தார்கள். வண்ண நெற்றிப்பட்டைக்கு, நேர்த்தியான சவாரிக் குதிரைகளுக்கான ஹேக் எனப்படும் வகுப்பில் இடமுண்டு; வெள்ளைச் சதுரத் துணி, குதிரையின் நடைப் பயிற்சியைச் சோதிக்கும் டிரெஸ்ஸாஜ் போட்டிக்குரியது.

சவாரிக்காரரின் உடையும் அதே கணக்குத்தான். பகல் நேர வகுப்புக்கு ட்வீட் என்னும் தடித்த கம்பளித் துணிக் கோட்டு, காலர் வைத்த சட்டை, டை, இளமஞ்சள் அல்லது மணல்நிற பிரீச்சஸ் என்னும் சவாரிக் கால்சட்டை, தோல் கையுறை, முழங்கால் வரை உயர்ந்த எளிய பூட்ஸ், கையில் சிறு பிரம்பு, இவ்வளவே போதும். ஸ்டாக் என்னும் வெள்ளைக் கழுத்துத்துணி கறுப்பு, கருநீல அல்லது சிவப்பு வேட்டைக் கோட்டோடுதான் சேரும். ட்வீட்டின் மேல் அதைக் கட்டிவந்து மதிப்பெண் இழந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வேலந்தாவளத்து மார்ச் வெயிலில் ட்வீட் அணிவது எவ்வளவு கொடுமை என்பதை ஏற்பாட்டாளர்கள் உணர வேண்டும். இங்கிலாந்திலேயே வெப்பம் மிகுந்த நாட்களில் கோட்டைக் கழற்ற நடுவர்கள் அனுமதிக்கிறார்கள். இங்கே அந்தச் சலுகையை அறிவிப்பிலேயே எழுதிவிடலாம்.

தலைக்கவசத்தில் மட்டும் சலுகையே கூடாது. பழைய வழக்கப்படி பௌலர் என்னும் உருண்டைத் தொப்பி அணிவது அழகாக இருக்கலாம், ஆனால் அது தலையைக் காக்காது. கறுப்பு அல்லது கருநீல வெல்வெட் உறையிட்ட, தாடைப்பட்டி உள்ள, ஏஎஸ்டிஎம் எஃப்1163 அல்லது பிஏஎஸ் 015 தர முத்திரை பெற்ற கவசம் இல்லாத பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். பெண்பிள்ளைகள் கூந்தலை வலையிட்டுக் கழுத்தின் பின்புறம் தாழ்வாக அடக்குவதற்கும் காரணம் இதுவே. உச்சிக்கொண்டையின் மேல் கவசம் சரியாகப் படியாது.

கடிவாளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அனுபவம் மிக்கவர்களின் ஹண்டர் வகுப்பில் இரண்டு ஜோடி வார் உள்ள டபிள் பிரைடில் அல்லது பெல்ஹாம் என்னும் கடிவாளம் போடுவது முறை. அதிலுள்ள கர்ப் என்னும் வாய்க்கம்பி, தாடைக்கு அடியில் செல்லும் சங்கிலியின் துணையோடு நெம்புகோல் போல இயங்குவது. பழகாத கை இழுத்தால் குதிரையின் வாய் புண்ணாகிவிடும். தோற்றத்துக்காக மட்டும் அதை மாட்டிவரும் பெற்றோரிடம் நான் கெஞ்சிக் கேட்கிறேன், பிள்ளை கற்கும் வரை, நெம்புகோல் இல்லாத எளிய வாய்க்கம்பியான ஸ்னாஃபிளே போதும். புதியவர்களுக்கான வகுப்புகளில் அது ஏற்கப்படுகிறது. இங்கிலாந்து முறையில் நடுவரே ஒவ்வொரு குதிரையின் மீதும் ஏறிப் பார்ப்பார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். முன்பின் அறியாத ஒருவர் ஏறினாலும் வாயைத் திறந்து திமிறாத குதிரைக்கே மதிப்பு. அங்கவடி வாரும் உயரமான நடுவருக்கு இறக்கிவிடும்படி நீளமாக இருக்க வேண்டும்.

மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளுக்காகத் தனியே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பந்தயக் குதிரை இனமான தரோபிரெட்டுக்குப் பிடரியைக் கழித்துச் சிறிதாக்கிப் பின்னுவது பொருந்தும். கழுத்து குட்டையாகத் தெரிந்தால் பின்னல்களைக் கூட்டியும், நீளமாகத் தெரிந்தால் குறைத்தும் பின்னிக் கண்ணுக்கு நிறைவாக்கலாம். ஆனால் டேல்ஸ், வெல்ஷ் முதலிய தங்கள் நாட்டுக் குதிரைகளை, தடை தாண்டும் வொர்க்கிங் ஹண்டர் வகுப்புகளிலும் பிடரியோ வாலோ பின்னாமல் இயற்கையாகவே பிரிட்டன்காரர்கள் காட்டுகிறார்கள். அவர்கள் நாட்டுக் குதிரைக்கு உள்ள அந்த மரியாதை, காது இரண்டும் நுனியில் வளைந்து ஒன்றையொன்று தொடும் நம் மார்வாரிக்கு மட்டும் ஏன் மறுக்கப்பட வேண்டும்? அதேபோல், சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று மூக்கு மீசையை மழிக்கும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். அந்த மயிர்கள் குதிரைக்குத் தொட்டறியும் உறுப்பு. பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு தன் போட்டிகளில் அதை மழிப்பதை 2021 ஜூலை 1 முதல் தடை செய்திருக்கிறது.

நம் ஊர்க் குதிரைத் தரகர்கள் சுழி பார்த்து விலை பேசுகிறார்கள். ஹண்டர் நடுவர் சுழியைப் பார்ப்பதில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பின் கனம், முதுகு, நடை, குதிரை சுமக்கக்கூடிய எடை ஆகியவற்றைப் பார்த்து, 79.5 கிலோ வரை சுமப்பது லைட்வெயிட், அதற்கு மேல் 89 கிலோ வரை மிடில்வெயிட், அதையும் தாண்டினால் ஹெவிவெயிட் என்று பிரிப்பது இங்கிலாந்து வழக்கம். தன் குதிரை எந்தப் பிரிவில் நிற்கிறது என்று தெரியாமலேயே பணம் கட்டிப் பெயர் கொடுத்துவிட்டுத் தவிக்கும் குடும்பங்கள் இங்கே உண்டு.

போட்டி நடத்துவோரை நான் கேட்டுக்கொள்வது இவ்வளவே. அடுத்த போட்டிக்கான விண்ணப்பத்தோடு, ஒவ்வொரு வகுப்புக்கும் உரிய சேணம், கடிவாளம், உடை, கவசம் ஆகியவற்றைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே தாளில், முடிந்தால் படத்தோடு, குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே கொடுங்கள். போட்டி நாளன்று களத்தில் இறங்கும் முன் யாராவது ஒருவர் குதிரைகளைச் சுற்றிவந்து பார்த்து, இந்தக் குஞ்சத்தைக் கழற்றிவிடு அம்மா என்று சொன்னால், அதைக் கழற்ற என் தங்கை மகளுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

இப்படிக்கு,
குதிரை வளர்ப்போர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்.