பை (pie) நடுவில் குழியாமல் இருக்க

லீட்ஸ்
ஞாயிறு மாலை

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. போல்டனில் வீடு அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது.

மேலே மாவு மூடி ஓவனில் சுட்டு நீ செய்த இறைச்சி உருளைக்கிழங்குப் பையில் குழம்பு தண்ணீராக ஓடியது, மேல்மாவு நடுவில் குழிந்து கொழுப்பு கசிந்தது என்று எழுதியிருந்தாய். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

இந்தப் பையில் குழம்பைக் கெட்டியாக்குவது கிழங்குதான், மாவு இல்லை. அதனால் கிழங்கை இரண்டு தவணையாகப் போட வேண்டும். ஆறு பேருக்கு 700 கிராம் மாட்டிறைச்சி எடு. கறிக்கடையில் 'ஷின்' என்று கேள். சவ்வு ஓடிய கால்சதை அது. அந்தச் சவ்வு மெல்லக் கரைந்தால்தான் குழம்பு உதட்டில் ஒட்டும். கொழுப்பில்லாத தொடைக்கறி வேகவேகச் சக்கையாகிவிடும். 2 செ.மீ. துண்டுகளாக்கி, பெரிய வெங்காயம் இரண்டு, ஒரு லிட்டர் தண்ணீர், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு சேர்த்து, மூடி, சிறுதீயில் இரண்டு மணி நேரம் வை. தளதளவென்று கொதிக்கக் கூடாது. ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி எழுந்தால் போதும்.

பிறகு மாரிஸ் பைப்பர் என்ற, மாவாகக் கரையும் வகைக் கிழங்கு 400 கிராமைப் பொடியாக நறுக்கிப் போடு. 25 நிமிடத்தில் விளிம்பு கரைந்து குழம்பு கலங்கி வரும். அப்போது இன்னும் 600 கிராமைப் பெரிய துண்டுகளாகப் போட்டு, 15 நிமிடம் கழித்துக் குத்திப் பார். கத்தி நுழைய வேண்டும், துண்டு உடையக் கூடாது. நீ சார்லட் கிழங்கு போட்டதாக எழுதியிருக்கிறாய். அது சாலட்டுக்கு ஆனது, கரையவே கரையாது. குழம்பு ஓடியது அதனால்தான். கடைசியில் வெள்ளை மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி. நம் மசாலா எதுவும் வேண்டாம். கறியும் கிழங்கும் தம் ருசியிலேயே நிற்கட்டும்.

இனி மேல்மாவு. சூடான கறியின்மேல் மூடினால், மாவு வெந்து இறுகுமுன்பே அதிலுள்ள கொழுப்பு உருகிவிடும். குழிந்ததும் கசிந்ததும் அதனால்தான். கறியை அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடு. ஆழமான பாத்திரத்தில் மூடி வைக்காதே, உள்ளே வெகுநேரம் வெதுவெதுப்பாகவே கிடந்து கெடும். இங்கே பக்கத்து டென்பி டேல் கிராமத்தில் 1887-இல் விக்டோரியா மகாராணியின் பொன்விழாவுக்கு ராட்சதப் பை செய்தார்கள். உள்ளே இருந்த இறைச்சி கெட்டுப்போய், வெட்டியதும் தாங்க முடியாத நாற்றம். கடைசியில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள்.

மேல்மாவுக்கு மைதா 250 கிராம், அரைத் தேக்கரண்டி உப்பு, குளிர்ந்த வெண்ணெய் 125 கிராம். விரல்நுனியால் ரவைபோல உதிர்த்து, ஐஸ் தண்ணீர் நாலைந்து மேசைக்கரண்டி தெளித்துச் சேர்த்துப் பிடி. பிசையாதே, பிசைந்தால் சுடும்போது சுருங்கும். அரை மணி ஃப்ரிட்ஜில் வைத்து, அரை செ.மீ. கனத்துக்குத் தேய். ஆறிய கறியை ஓவன் பாத்திரத்தில் நிரப்பி, முதலில் அதன் விளிம்பை நனைத்து ஒரு நாடா மாவு ஒட்டு. அதன்மேல் நீர் தடவி மேல்மாவை அழுத்தினால் நழுவாது. நடுவில் ஆவி போக ஓட்டை போடு. அடியில் மாவு தேவையில்லை, ஊறித்தான் போகும். 200 டிகிரி ஓவனில் 45 நிமிடம். நடுவில் கத்தியைச் செருகி எடுத்தால் நுனி சுடச்சுட இருக்க வேண்டும்.

தொட்டுக்கொள்ள வினிகரில் ஊறிய சிவப்பு முட்டைக்கோஸ் அவசியம். அந்தப் புளிப்பு இல்லாவிட்டால் இரண்டாவது கரண்டியிலேயே திகட்டும்.

அம்மா மாட்டிறைச்சி தொடமாட்டார்களே. அவர்களுக்கு வெண்ணெய்ப் பை செய்து கொடு. பிரெஸ்டன் பக்கத்துக் கத்தோலிக்கர் வெள்ளிக்கிழமை இறைச்சி விலக்கும்போது சாப்பிட்டது அது: வெந்த கிழங்குத் துண்டுகள், வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கிய வெங்காயம், உப்பு, வெள்ளை மிளகு. மேல்மாவு இதேதான், ஒரே நாளில் இரண்டையும் சுட்டுவிடலாம்.

அன்புடன்,
தேவி