மாத்திரையை நீயாகக் கூட்டாதே

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

மத்தியானத்தில் உனக்கு மறுபடியும் கண் சொருகுகிறது என்று மாப்பிள்ளை சொன்னார். நீ சொல்லவில்லை. சரி, நானும் கேட்கவில்லை.

உன் நார்கோலெப்சிக்கு, அதாவது பகலில் அடக்கமுடியாமல் தூக்கம் வரும் நோய்க்கு, விழித்திருக்கத் தந்த மொடாஃபினில் கைவிட்டுவிட்டது என்று நீயே முடிவு கட்டி 200 மில்லிகிராமை 400 ஆக்கிவிடாதே. இரண்டு மடங்கு போட்டால் விழிப்பு இரண்டு மடங்கு ஆகாது. தலைவலியும் படபடப்பும்தான் கூடும். மருந்து பழகிப்போவதும் உண்டுதான். ஆனால் பல சமயம் கெட்டிருப்பது இரவுத் தூக்கம். சோர்கிறதே என்று நாலு மணிக்கு ஒன்று போட்டால், அதில் பாதி நடுராத்திரி தாண்டியும் உடம்பில் நிற்கும். தூக்கம் உடையும். மறுநாள் காலை மாத்திரை வேலை செய்யாத மாதிரி இருக்கும், உடனே இன்னொன்று. காலையில் ஒன்று, மத்தியானத்துக்குள் ஒன்று என்று டாக்டர் பிரித்துக் கொடுப்பது வேறு, நீயாகக் கூட்டுவது வேறு.

டாக்டரைப் பார்க்கும் முன் இரண்டு வாரம் எழுதி வை: படுத்தது, எழுந்தது, மாத்திரை, காபி, கண் சொருகிய நேரம். வெறுமனே "சரியில்லை" என்றால் அவர் என்ன செய்வார்? பகல் தூக்கத்தை அளக்கும் எப்வொர்த் கேள்விகளுக்கும் பதில் எழுதிப் போ. 24-க்கு 10-ஐத் தாண்டினால் அதிகம். நீ குறட்டை விடுகிறாயா, மூச்சு நின்று நின்று வருகிறதா என்று மாப்பிள்ளையிடம் கேள். நார்கோலெப்சி உள்ளவர்களுக்கு ஸ்லீப் ஆப்னியா என்ற அந்த மூச்சுத் தடையும் சேர்ந்து வரலாம். ராத்திரி கால் குறுகுறுத்தால் இரும்புச் சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்கச் சொல், தைராய்டும். சளிக்குப் போடும் செட்ரிசின்கூட மந்தமாக்கும்.

எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். மொடாஃபினில் கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைக்கும். நிறுத்திய பிறகும் ஒரு மாதம்வரை.

டாக்டர் பிடோலிசன்ட் என்ற வேறு விழிப்பு மருந்துக்கு மாற்றினால் நாலே நாளில் உதவாது என்று தூக்கிப் போடாதே, பலன் தெரியச் சில வாரம் ஆகும். சோல்ரியாம்ஃபெட்டால் என்ற இன்னொரு விழிப்பு மருந்து என்றால் ரத்த அழுத்தம் பார்க்கவேண்டும். சிரிக்கும்போது முழங்கால் தளர்வதற்குத் தந்த வென்லாஃபாக்சினை மட்டும் சட்டென்று நிறுத்திவிடாதே, தளர்ச்சி முன்னைவிட மோசமாகத் திரும்பும்.

இந்த நோயோடு பதவி உயர்வும் வாங்கினாய். எனக்குப் பெருமைதான். ஆனால் ஆபீஸில் பதினைந்து, இருபது நிமிடம் கண் மூட என்ன வெட்கம்? அந்தக் குட்டித் தூக்கம் வைத்தியத்தில் சேர்ந்தது. வேலைக்கு நடுவே மாத்திரை விழுங்க மட்டும் வெட்கமில்லையா? மறுபடியும் சொல்கிறேன், நீயாகக் கூட்டாதே.

குழந்தையைப் பள்ளியிலிருந்து மூன்று மணிக்கு யார் காரில் அழைத்து வருகிறார்கள்? நீதான் என்று தெரியும். உனக்குக் கண் சொருகுவதும் அந்த நேரம்தான். கண்ணாடியை இறக்கிவிட்டாலும், பாட்டைச் சத்தமாக வைத்தாலும் தூக்கம் நிற்காது. மருந்து சரியாகி, இனி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லும்வரை சாவி மாப்பிள்ளையிடம் இருக்கட்டும். அவருக்கு அந்த நேரம் முடியாதென்றால் பள்ளி வேனுக்குச் சொல்லிவிடு, இந்த வாரமே.

அம்மா