ஆய்வகத்தில் செய்த புரதத்தைக் கண்டு பயம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

"மனித உடம்பில் இருக்கிற புரதத்தை லேபிலேயே செய்து அதில் கொரோனாவை ஒட்டவைக்கிறார்கள், புதுக் கிருமி உண்டாக்கத்தான் இதெல்லாம்" என்று ஒரு செய்தி எங்கள் சத்துவாச்சாரி பக்கம் வாட்ஸ்அப்பில் மறுபடியும் சுற்றுகிறது. மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், விஷயம் இதற்கு நேர் எதிர்.

அந்தப் புரதத்தின் பெயர் ஏசிஇ-2. நுரையீரல், குடல், இதயம், சிறுநீரகம் என்று பல இடங்களில் செல்களின் மேற்பரப்பில் இருக்கிறது. ரத்த அழுத்தத்தை ஏற்றுகிற ஆஞ்சியோடென்சின்-2 என்ற பொருளை உடைப்பது அதன் வேலை. 2000-ல் கண்டுபிடித்தார்கள், சார்ஸ் என்ற நுரையீரல் நோய் பரவிய 2003-ல்தான் வைரஸ் இதைப் பிடித்துக்கொண்டு செல்லுக்குள் நுழைகிறது என்று தெரிந்தது. கோவிட் வைரஸும் அதே வழியில்தான் செல்லுக்குள் நுழைகிறது.

ஆய்வகத்தில் என்ன செய்கிறார்கள் என்றால், இந்தப் புரதத்துக்கான மனித மரபணுவை வளர்ப்புச் செல்களுக்குள் செலுத்துகிறார்கள், அந்தச் செல்கள் புரதத்தைச் செய்து வெளியே விடுகின்றன, அதைச் சுத்தப்படுத்தி எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். அதில் வைரஸ் கிடையாது, அது தானாகப் பெருகவும் பெருகாது.

இதன் பயன்தான் ஊருக்குத் தெரிய வேண்டியது. தடுப்பூசி போட்டவர் ரத்தத்தில் வைரஸைத் தடுக்கிற ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்க முன்பெல்லாம் உயிருள்ள வைரஸையே கையாள வேண்டும், அதற்கு உயர் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும், முடிவு வர சில நாட்கள் ஆகும். 2020-ல் சிங்கப்பூரின் டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள் வேறு வழி காட்டினார்கள். சோதனைத் தட்டின் குழிகளில் ஏசிஇ-2 புரதத்தைப் பூசிவைத்து, வைரஸின் மேலே நீட்டிக்கொண்டிருக்கிற முள் போன்ற புரதத்திலிருந்து ஒரு துண்டை மட்டும் (அதுவும் ஆய்வகத்தில் செய்ததுதான், நிறம் காட்டும்படி அடையாளம் சேர்த்தது) ரத்தச் சீரத்தோடு கலந்து ஊற்றுகிறார்கள். ஆன்டிபாடி இருந்தால் அந்தத் துண்டு தட்டில் ஒட்டாது, நிறம் குறைந்துவிடும். ஓரிரு மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிடும், உயிருள்ள வைரஸ் பக்கமே போக வேண்டாம். கிருமி பரவும் ஆபத்தைக் குறைக்கிற பொருளைக் காட்டி, கிருமி உண்டாக்குகிறார்கள் என்று பயமுறுத்துவது எவ்வளவு பெரிய அநியாயம்! அதுவும் வேலூரில். 1986-ல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளைச் சோதித்து, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதலில் கண்டது நம் ஊர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி ஆய்வகம்தானே.

எனக்கு உண்மையான கவலை அந்தச் செய்தியின் கடைசி வரியைப் பற்றியது. பி.பி. மாத்திரை ஏசிஇ-2-வைக் கூட்டும், நிறுத்திவிடுங்கள் என்கிறது. 2020-லேயே இந்தச் சந்தேகம் வந்தது, அப்போதே இதய மருத்துவர் சங்கங்கள் நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டன. அப்புறம் பிரேசிலில் இவ்வகை மாத்திரை சாப்பிட்டுவந்த 659 கோவிட் நோயாளிகளிடம் சோதித்தார்கள். நிறுத்தியவர்களுக்கு எந்த நன்மையும் கிடைக்கவில்லை. எங்கள் தெருவிலேயே வயதானவர்கள் சிலர் டெல்மிசார்ட்டான் என்ற பி.பி. மாத்திரையை எடுத்துவந்து "இதை விட்டுடலாமா" என்று கேட்கிறார்கள். டாக்டரைக் கேட்காமல் விட்டால் பக்கவாதம் வரைக்கும் கொண்டுபோய்விடும்.

ஆகவே உங்கள் வேலூர் பதிப்பில் இதைப் படத்தோடு ஒரு அரைப்பக்கமாவது விளக்கி எழுதுங்கள், மாத்திரை விஷயத்தைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். வாட்ஸ்அப் இல்லாத பெரியவர்களும் காலையில் டீக்கடையில் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்